துக்கம் விசாரித்துவிட்டு வந்தாயிற்று, பிறகு?

கேள்வி: கணவரை இழந்த தோழியிடம் இரண்டு மாதமாக, 'ஏதாவது வேணும்னா சொல்லு' என்று சொல்லிக்கொண்டே இருக்கிறேன். அவள் எதுவும் கேட்டதில்லை. இப்போது போனையும் எடுப்பதில்லை. ஒதுங்கிவிடலாமா?

பதில்: ஒதுங்காதீர்கள். அந்த வாக்கியத்தை மட்டும் விட்டுவிடுங்கள். என்ன வேண்டும் என்று யோசிப்பதும், கூச்சத்தை விட்டு வாய்திறந்து கேட்பதும் அதனால் அவர் தலையில்தான் விழுகின்றன. தூக்கமும் கவனமும் போயிருக்கும் நேரத்தில் ஒரு படிவத்தை நிரப்புவதே பெரும்பாடு.

"வியாழக்கிழமை சாயங்காலம் சாப்பாடு கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போகிறேன். பேச வேண்டாம். வேண்டாம் என்றால் மட்டும் ஒரு மெசேஜ் போடு." இப்படி நாள் குறித்துச் சொல்லுங்கள். பாத்திரத்தைத் திருப்பிக் கேட்காதீர்கள்; கழுவிக் கொடுப்பதும் அவருக்கு ஒரு வேலைதான்.

வங்கி, காப்பீடு, ஓய்வூதியம் என்று ஒவ்வோர் இடத்திலும் இறப்புச் சான்றிதழ் கேட்பார்கள். ஒரு நோட்டில் தேதி, பேசியவர் பெயர், கேட்ட ஆவணம், மனு எண் என்று கட்டம் போட்டுக் கூடவே உட்கார்ந்து எழுதிக்கொடுங்கள். இறந்தவரின் செல்போன் இணைப்பை அவசரப்பட்டு ரத்து செய்ய விடாதீர்கள். கணக்குகள் பற்றிய தகவல்கள் அந்த எண்ணுக்குத்தான் வரும். அவர் குரல் பதிவுகளும் படங்களும் அந்த போனில் இருக்கலாம். முதலில் அவற்றை நகலெடுத்து வையுங்கள்.

'கஷ்டப்படாமல் போனாரே', 'நீதான் தைரியமா இருக்கணும்' இரண்டும் வேண்டாம். இறந்த கணவரின் பெயரைச் சொல்லியே பேசுங்கள். பெயரை எடுத்தால் அழுவாளே என்று தயங்குகிறவர்கள் அதிகம். அவள் என்னவோ மறந்திருப்பதைப் போல! கூட்டமெல்லாம் கலைந்த பிறகு வருகிற முதல் பிறந்தநாளும் மணநாளும்தான் கடினம். இப்போதே காலண்டரில் குறித்துவைத்து அன்று கூப்பிடுங்கள்.

கேள்வி: அப்பா இறந்து ஐந்து மாதம். ஒரு நாள் சிரித்துப் பேசுகிறேன், மறுநாள் உடைந்துபோகிறேன். அவர் கூப்பிடுவதுபோல் குரல்கூடக் கேட்கிறது. துக்கத்துக்கு ஐந்து கட்டம் என்கிறார்களே, நான் எதில் இருக்கிறேன்?

பதில்: அந்தக் கணக்கே உங்களுக்குத் தேவையில்லை. மனநல மருத்துவர் எலிசபெத் கூப்ளர்-ராஸ் 1969-இல் அந்த ஐந்தையும் (மறுப்பு, கோபம், பேரம், மனச்சோர்வு, ஏற்பு) எழுதியது, மரணத்தை எதிர்நோக்கியிருந்த நோயாளிகளிடம் பேசி. பறிகொடுத்தவர்கள் வரிசையாக ஏறவேண்டிய படிகளாக அவை பிற்பாடுதான் பரவின. துக்கத்தை ஆராய்ந்த மார்கரெட் ஸ்ட்ரோப், ஹெங்க் ஷுட் இருவரும் 1999-இல் சொன்னது உங்கள் நிலைக்குப் பொருந்துகிறது: மனம் சிறிது நேரம் இழப்பில் கிடக்கும், சிறிது நேரம் அன்றாட வேலைக்குத் திரும்பும், இந்தப் போக்குவரத்துதான் இயல்பு. சிரித்ததற்காகக் குற்ற உணர்ச்சி வேண்டாம்.

குரல் கேட்பதுபோல் தோன்றுவதும் பலருக்கு நேர்வதுதான். ஆனால் அந்தக் குரல் ஏதாவது செய்யும்படி ஏவினாலோ, செத்துப்போகலாம் என்று தோன்றினாலோ அன்றைக்கே மருத்துவரைப் பாருங்கள். ஆறு மாதம் கடந்தும் ஏக்கம் கொஞ்சமும் தணியாமல் வேலை, சாப்பாடு, உறவு எல்லாம் நின்றுபோனால் அதை நீடித்த துக்கக் கோளாறு என்று உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் சொல்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு பெரியவர்களுக்கு 12 மாதம் என்கிறது. இதற்கென்றே பேச்சுச் சிகிச்சை உண்டு. தூக்கத்துக்காக மதுவைத் தொடாதீர்கள்: சீக்கிரம் தூங்கவைக்கும், நள்ளிரவில் எழுப்பிவிடும்.

கேள்வி: ஐந்து வயதுப் பேரனிடம் பாட்டி இறந்ததை எப்படிச் சொல்வது?

பதில்: 'இறந்துவிட்டார்' என்றே சொல்லுங்கள். 'தூங்குகிறார்' என்றால் படுக்கப் பயப்படுவான். 'ஊருக்குப் போயிருக்கிறார்' என்றால் வாசலைப் பார்த்துக்கொண்டிருப்பான். 'பாட்டி உடம்பு வேலை செய்வது நின்றுவிட்டது. இனி மூச்சு விடமாட்டார், வலிக்காது, திரும்பி வரமாட்டார். இது உன்னால் நடந்ததில்லை' என்பது போதும். கேட்டுவிட்டு விளையாடப் போய்விடுவான், நாளைக்கு அதையே கேட்பான். அதே சொற்களில் பதில் சொல்லுங்கள்.