விசா முடிந்துவிட்டது, பாஸ்போர்ட் அவர்கள் கையில்: அக்காவுக்கு என்ன வழி?

கேள்வி: ஓட்டல் வேலை என்று சொல்லி ஒரு ஏஜென்ட் என் அக்காவைச் சுற்றுலா விசாவில் வெளிநாட்டுக்கு அனுப்பினார். அங்கே பாஸ்போர்ட்டைப் பிடுங்கிக்கொண்டு பாலியல் தொழிலில் தள்ளிவிட்டார்கள். தப்பித்து, தெரிந்தவர் வீட்டில் இருக்கிறார். விசா காலாவதியாகிவிட்டது. "போலீசுக்குப் போனால் நீதான் உள்ளே போவாய், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டவள் நீ" என்று மிரட்டுகிறார்கள். என்ன செய்வது?

பதில்: கையெழுத்தைப் பற்றிய பயத்தை முதலில் விடச் சொல்லுங்கள். ஆள்கடத்தலுக்கு எதிரான ஐ.நா. நெறிமுறை 2000-இல் வந்தது. 180-க்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றிருக்கின்றன. ஏமாற்றியோ மிரட்டியோ சுரண்டலுக்குக் கொண்டுபோனவர்கள், "அவள் சம்மதித்தாள்" என்று தப்பிக்க அதன் 3-ஆம் பிரிவு இடம் தரவில்லை. பாஸ்போர்ட் போனதால் குடியுரிமையும் போய்விடாது. ஊர் திரும்ப அவர் விரும்பினால், தேவையான பயண ஆவணத்தைச் சொந்த நாடு தர வேண்டும். 8-ஆம் பிரிவு சொல்வது அதைத்தான்.

ஆனால் அந்த மிரட்டலை முழுப் பொய் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. இந்த நெறிமுறை, குற்றக் கும்பல்களை ஒடுக்கும் உடன்படிக்கையின் துணையாகப் பிறந்தது. கும்பலைத் தண்டிப்பதைக் கட்டாயமாக்கியவர்கள், மீண்ட பெண்ணை அந்த நாட்டில் தங்கவிடுவதை மட்டும் "பரிசீலிக்க வேண்டும்" என்று 7-ஆம் பிரிவில் மென்மையாக எழுதிவிட்டார்கள். இது எனக்கு இன்றும் பொறுக்காத குறை. அதனால்தான் பல இடங்களில் அதிகாரியின் கண்ணில் காலாவதியான விசாதான் முதலில் படுகிறது, பெண் பிறகுதான்.

ஆகவே தனியாகக் காவல் நிலையம் போக வேண்டாம். கடத்தலில் மீண்டவர்களுக்கு உதவும் அமைப்பையோ இலவசச் சட்ட உதவியையோ முதலில் நாடட்டும். வழக்கறிஞரோடு போய், "நான் கடத்தப்பட்டவள்" என்பதை முதல் வாக்குமூலத்திலேயே பதிவு செய்யட்டும். புரியாத மொழியில் உள்ள எந்தத் தாளிலும், குறிப்பாக "நானாகவே நாடு திரும்புகிறேன்" என்ற தாளில், கையெழுத்துப் போடக் கூடாது. கைது செய்தாலும் தூதரகத்துக்குத் தெரிவிக்கச் சொல்லிக் கேட்கலாம். 1963-இன் வியன்னா உடன்படிக்கை தரும் உரிமை அது.

எந்த நாடு என்று நீங்கள் எழுதவில்லை. ஐரோப்பியக் கவுன்சிலின் 2005 ஆள்கடத்தல் எதிர்ப்பு உடன்படிக்கையை ஏற்ற நாடு என்றால், கடத்தப்பட்டவர் என்று நம்ப நியாயமான காரணம் இருந்தாலே குறைந்தது 30 நாள் அவகாசம் தர வேண்டும். அதுவரை வெளியேற்ற முடியாது. அமெரிக்காவில் இத்தகையோருக்கென்றே டி விசா உண்டு.

ஊர் திரும்பினால் கும்பலால் உயிருக்கு ஆபத்து என்றால் பாதை வேறு. அப்போது தூதரகத்தை அணுகுவதற்கு முன்பே அகதி வழக்குகள் நடத்தும் வழக்கறிஞரைப் பார்க்க வேண்டும்.

ஏஜென்ட் அனுப்பிய செய்திகள், பணம் கட்டிய ரசீது, டிக்கெட் எதையும் அழிக்காதீர்கள். அவற்றை வைத்து நீங்கள் இங்கே ஏஜென்ட் மீது புகார் கொடுக்கலாம். அதன் நகல் அங்கே அக்காவின் வழக்குக்கும் உதவும். "பேசித் தீர்த்துக்கொள்ளலாம்" என்று அவர் கூப்பிட்டால் போகாதீர்கள். அக்கா இருக்கும் இடத்தையும் யாரிடமும் சொல்லாதீர்கள்.