மகனை மிடில்வேர் வேலையில் போட்டுவிட்டார்கள் என்று கவலைப்படும் அம்மாவுக்கு

அம்மா, உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். புரோகிராமிங் வேலை என்று நம்பிச் சேர்ந்த மகனை, ஆரக்கிள் அப்ளிகேஷன் சர்வரைப் பராமரிக்கும் குழுவில் போட்டுவிட்டார்கள். அதுவும் 10ஜி என்ற பழைய பதிப்பு. வேலையை விடச் சொல்லலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதைக்கு வேண்டாம்.

ஊதியச் சீட்டு, விடுப்பு, கொள்முதல் என ஒரு நிறுவனத்தில் எத்தனையோ மென்பொருள்கள் ஓடும். அவற்றுக்கெல்லாம் அடித்தளம்தான் அப்ளிகேஷன் சர்வர். இப்படி நடுவில் நின்று தாங்கும் மென்பொருளைத்தான் மிடில்வேர் என்பார்கள். 10ஜியில் முன்வாசலில் வெப் கேஷ் இருக்கும். ஒருவர் கேட்ட பக்கத்தை வைத்திருந்து அடுத்தவருக்கு உடனே எடுத்துக் கொடுக்கும். அதற்குப் பின்னால் அப்பாச்சி என்ற வெப் சர்வரை அடிப்படையாகக் கொண்ட ஹெச்டிடிபி சர்வர். அதற்கும் பின்னால், ஜாவா புரோகிராம்களை ஓட்டும் ஓசி4ஜே. 2008-ல், வெப்லாஜிக் என்ற அப்ளிகேஷன் சர்வரை வைத்திருந்த பிஇஏ நிறுவனத்தை ஆரக்கிள் வாங்கியது. மறு ஆண்டு அடுத்த பதிப்பான 11ஜி வந்தபோது ஓசி4ஜேயின் இடத்தை வெப்லாஜிக் பிடித்துக்கொண்டது. ஆகவே உங்கள் பயத்தில் நியாயம் இருக்கிறது. ஓசி4ஜே மட்டும் தெரிந்து வைத்திருப்பவருக்கு வெளியே வேலை கிடைப்பது கஷ்டம்.

ஆனால் அதே 10ஜியில் இன்னொரு பாதி உண்டு. முதலில் அதை நிறுவி, பிறகுதான் மற்றதை அதனோடு இணைப்பார்கள். ‘இன்ஃப்ராஸ்ட்ரக்சர்’ என்று பெயர். யார் ஊழியர், அவர் எந்தப் பிரிவு, எதற்கு அனுமதி என்ற விவரமெல்லாம் ஆரக்கிள் இன்டர்நெட் டைரக்டரியில் இருக்கும். சுருக்கமாக ஓஐடி என்பார்கள். சிங்கிள் சைன்-ஆன் சர்வர் அதைக் கேட்டுத்தான் ஆளை உள்ளே விடும். பொருட்காட்சி வாசலில் கையில் முத்திரை குத்திவிட்டால் உள்ளே ஒவ்வொரு அரங்கிலும் சீட்டைக் காட்ட வேண்டியதில்லை அல்லவா, அதுபோல ஒரு முறை பாஸ்வேர்டு கொடுத்தால் எல்லா மென்பொருளும் திறக்கும். ஊழியர் வேலையை விட்டுப் போனால் ஒரே இடத்தில் முடக்கினால் போதும். ஓஐடி படுத்துவிட்டால், மற்ற எல்லாம் நன்றாக ஓடினாலும் லாகின் வேண்டிய எதற்குள்ளும் ஒருவரும் நுழைய முடியாது. அந்த இரவுகளில்தான் உங்கள் மகன் உண்மையான வேலையைக் கற்றுக்கொள்வான்.

ஓஐடி பேசும் மொழி எல்டாப். 1993-ல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் உருவானது. மைக்ரோசாஃப்டின் ஆக்டிவ் டைரக்டரிக்கும் அதே மொழி தெரியும். இங்கே கற்ற தேடல் கட்டளை அங்கேயும் செல்லும். எல்டாப், டிஜிட்டல் சான்றிதழ்களை நிர்வகிப்பது, பிறகு லாகினுக்கும் அனுமதிக்குமான பொது விதிமுறைகளான 2005-ல் வந்த சாம்ல் 2.0, 2012-ன் ஓஆத் 2.0, 2014-ன் ஓப்பன்ஐடி கனெக்ட் என்று அவன் படிப்படியாக ஏறலாம். வங்கி, மருத்துவமனை, அரசுத் துறை என எங்கே போனாலும் ‘யார் உள்ளே வரலாம்’ என்று பார்க்க ஆள் வேண்டும்.

இவற்றைக் கற்கச் செலவு பெரிதாக இல்லை. ஓப்பன்எல்டாப் என்ற டைரக்டரி, கீக்ளோக் என்ற சிங்கிள் சைன்-ஆன் மென்பொருள் இரண்டும் இலவசம். 8 ஜிபி நினைவகம் உள்ள மடிக்கணினி போதும். இரண்டையும் இணைத்து, ஒரே லாகினில் இரண்டு மென்பொருள்களைத் திறந்து காட்டட்டும். 10ஜி சான்றிதழுக்கென்று எந்தப் பயிற்சி மையத்திலும் பணம் கட்டாதீர்கள்.

ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். இந்த வேலையில் இரவுப் பணி உண்டு, உடம்பைப் பாதிக்கும். சர்வரை ரீஸ்டார்ட் செய்து, டிக்கெட் எனப்படும் பழுதுப் புகாரை மூடுவதோடு நின்றுவிடும் பிள்ளைகளையும் பார்த்திருக்கிறேன். மூன்று வருடம் கழித்து நேர்காணலில் அவர்களுக்குச் சொல்ல ஒன்றும் இருக்காது. ஏன் விழுந்தது என்று சர்வர் தானே எழுதும் பதிவேடான லாகைப் படித்துத் தன் கைப்பட எழுதி வைக்கும் பழக்கம் வேண்டும். ஒன்றரை வருடம் பார்க்கட்டும். அதற்குள், 10ஜியிலிருந்து வெப்லாஜிக்குக்கு மாற்றும் பணியில் தன்னைச் சேர்க்கும்படி மேலாளரிடம் கேட்கட்டும். அப்படி எந்தப் பணியும் அங்கே இல்லை என்றால் அப்போது வேறு இடம் தேடலாம், நானே உதவுகிறேன்.

அடுத்த முறை ஊருக்கு வரும்போது ஒரு காகிதத்தைக் கொடுத்து, ஓர் ஊழியர் லாகின் செய்தால் அந்தக் கோரிக்கை எங்கெங்கே போய்த் திரும்புகிறது என்று வரையச் சொல்லுங்கள். எங்கே தடுமாறுகிறானோ அதைக் குறித்து எனக்கு அனுப்பச் சொல்லுங்கள், அங்கிருந்து தொடங்குவோம்.