குருத்தும் துளிரும்

அன்புள்ள ஐயா,

நான் ஞாயிறு பாடசாலையில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கிறேன். குருத்தோலை ஞாயிறுக்காகச் சிலுவை பின்னிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை கேட்டது: “ரீச்சர், இயேசுவைக் கிளை என்று ஏசாயா சொல்லியிருக்கிறாரே, அந்தக் கிளையா இது?” ஓம் என்று சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்த பிறகு மனம் ஆறவில்லை. நோவாவின் புறா கொண்டுவந்த ஒலிவக் கிளையும் இதோடு சேர்ந்ததுதானா? கனடாவிலிருந்து வந்திருக்கும் என் மச்சாள் வேறு, எருசலேமில் பிடித்தது பேரீச்சை, நாங்கள் தென்னை ஓலை பிடிப்பது பிழை என்கிறார். பிள்ளைகளுக்கு நான் என்ன சொல்ல?

(பெயர் போட வேண்டாம்)
உப்புவெளி, திருகோணமலை

அன்புள்ள ரீச்சர்,

அந்தப் பிள்ளைக்கு முதலில் என் வாழ்த்தைச் சொல்லுங்கள். பெரியவர்கள் கேட்காமல் கடந்துபோகிற கேள்வி அது. பதில், இல்லை என்பதுதான். இரண்டும் வேறு வேறு.

ஏசாயா 11-ம் அதிகாரத்தின் முதல் வசனத்தைப் பழைய மொழிபெயர்ப்பில் வாசித்துப் பாருங்கள்: “ஈசாயென்னும் அடிமரத்திலிருந்து ஒரு துளிர் தோன்றி, அவன் வேர்களிலிருந்து ஒரு கிளை எழும்பிச் செழிக்கும்.” கிளை என்றதும் நமக்கு உயரத்தில் ஆடுகிற கொப்புதான் ஞாபகம் வரும். இங்கே கிளை வேரிலிருந்து வருகிறது. மேலே மரமே இல்லை. 10-ம் அதிகாரம் முடிகிற இடத்தில் தோப்பெல்லாம் வெட்டுப்பட்டு விழுகிறது. அதற்கு அடுத்த வரி இது. தாவீதின் பெயரைக்கூட ஏசாயா எடுக்கவில்லை. அவனுடைய தகப்பன், பெத்லகேம் ஊர்க்காரன் ஈசாயின் பெயரைத்தான் சொல்கிறார். ராஜவம்சம் அவ்வளவு அடியோடு போய்விட்டது.

அந்தக் கிளைக்கு எபிரெயத்தில் ‘நேட்செர்’ என்று பெயர். எரேமியா 23:5-லும் சகரியா 6:12-லும் நம் வேதாகமத்தில் கிளை என்றே இருந்தாலும் மூலத்தில் சொல் வேறு: ‘ட்சேமாக்’, முளைத்து வருவது. மத்தேயு 2:23-ல், ‘நசரேயன் என்னப்படுவார்’ என்று தீர்க்கதரிசிகள் உரைத்ததாக வருகிறதே, அப்படி ஒரு வசனம் பழைய ஏற்பாட்டில் எங்கும் கிடையாது. நேட்செர் என்ற சொல்லின் ஒலியைத்தான் மத்தேயு நினைத்திருக்கிறார் என்று வேத அறிஞர் பலர் சொல்கிறார்கள். எனக்கும் அதுதான் சரியாகப் படுகிறது.

ஆனால் அந்த வசனத்தை நான் விளங்கிக்கொண்டது புத்தகத்தில் இல்லை. 1990-ல் நிலாவெளிப் பக்கம் இருந்த பெரியம்மாவின் வளவை விட்டு எல்லாரும் ஓடினோம். சில வருஷம் கழித்துத் திரும்பிப் போனபோது வீட்டுக்குக் கூரை இல்லை. வேலியோரம் இரண்டு பனை, ஷெல் பட்டுத் தலை போய், வெறும் தூணாக நின்றன. ஒன்றின் பொந்திலிருந்து கிளி எட்டிப் பார்த்தது. பனைக்கும் தென்னைக்கும் உயிர் உச்சியில் ஒரே இடத்தில் இருக்கிறது. அந்தக் குருத்து போனால் மரம் போச்சு. பிறகு எந்த மழைக்கும் தழைக்காது.

கிணற்றடி வேம்பை யாரோ முழங்கால் உயரத்துக்கு விட்டு வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். வெட்டின முகம் காய்ந்து வெடித்திருந்தது. அதிலிருந்து ஒன்றும் வரவில்லை. பெரியம்மா குந்தியிருந்து அடியில் கிடந்த சருகை விலக்கினார். பட்டை மண்ணைத் தொடுகிற இடத்தில் செம்பு நிறத்தில் நாலைந்து துளிர், ஒரு விரல் நீளம்கூட இல்லை. அவர் ஒன்றும் பேசவில்லை. குடிக்கக் கொண்டுபோன போத்தல் தண்ணீரில் பாதியை அங்கே ஊற்றினார். யோபு 14-ல், வெட்டுண்ட மரம் “தண்ணீரின் வாசனையினால்” துளிர்க்கும் என்று ஒரு வசனம் உண்டு. ஆலயத்தில் அதை வாசிக்கிற நேரமெல்லாம் எனக்கு அந்த வேம்படிதான் கண்முன் வரும்.

ஆகவே ரீச்சர், அந்த வசனத்தைப் பனையை வைத்து எழுதவே முடியாது. ஒலிவ மரத்துக்கு அது பொருந்தும். அதுவும் நம் வேம்பு மாதிரி, வெட்டினாலும் அடியைச் சுற்றிக் கன்று விடும். பிள்ளைகள் பந்தியைச் சுற்றி “ஒலிவமரக் கன்றுகளைப்போல” இருப்பார்கள் என்று சங்கீதம் 128 சொல்வது அதைப் பார்த்துத்தான் என்று நினைக்கிறேன்.

குருத்தோலையின் கதை வெற்றியின் கதை. கி.மு. 141-ல் யூதர்களின் தலைவன் சீமோன் எருசலேமின் கோட்டையை மீட்டு உள்ளே போனபோது யூதர்கள் பேரீச்சை ஓலையோடு பாடிக்கொண்டு போனார்கள் என்று மக்கபேயர் முதலாம் நூல் சொல்கிறது. பின்னாளில் கி.பி. 70-ல் எருசலேமை அழித்த ரோமர், அந்த வெற்றிக்கு அடித்த காசில் என்ன பொறித்தார்கள் தெரியுமா? ஒரு பேரீச்ச மரமும் அதன் கீழே அழுதுகொண்டிருக்கும் பெண்ணும். அந்த மரம் என்றால் அந்த நாடு. இயேசு கழுதையில் வந்த நாளில் குருத்தோலை என்று பெயர் சொல்லி எழுதுவது யோவான் மட்டும்தான். மத்தேயு மரக்கிளைகள் என்கிறார், லூக்கா வஸ்திரங்களோடு விட்டுவிடுகிறார். யோவானின் கூட்டம் “இஸ்ரவேலின் ராஜா” என்று கூவுகிறது. அவர்கள் எதிர்கொண்டு போனது சீமோனைப் போல் ஒருவரை. அடிமரத்தில் வரும் துளிரை அன்றைக்கு அந்தக் கூட்டத்தில் யார் தேடினார்கள்?

சரி, உங்கள் மச்சாளின் விஷயம். மரம் பேரீச்சை என்பதில் அவர் சொல்வது சரி. தென்னை பிழை என்பதை என்னால் ஏற்க முடியாது. கூடாரப் பண்டிகையில் யூதர்கள் இன்றைக்கும் கையில் பிடிப்பது பேரீச்சையின் விரியாத ஓலை, அதாவது குருத்து. நம் மொழிபெயர்ப்பாளர் ‘குருத்தோலை’ என்று போட்டது அதற்கு எவ்வளவு கிட்ட வந்திருக்கிறது பாருங்கள். (எல்லா இடத்திலும் அப்படி அமையவில்லை. 137-ம் சங்கீதத்தில் கின்னரத்தை “அலரிச்செடிகளின்மேல்” தூக்கிவைத்தார்கள் என்று வரும். நம் வேலியோரத்து அலரியைத் தெரிந்த பிள்ளைக்கு அந்தக் காட்சி பிடிபடாது. பாபிலோன் ஆற்றங்கரையில் நின்றது பொப்லார் இன மரம் என்றே தாவரவியலாளர் பலர் கருதுகிறார்கள்.) ரஷ்யாவில் பேரீச்சை வளராது, அங்கே வில்லோ மிலாறைப் பிடித்துக்கொண்டு ஆராதனைக்குப் போகிறார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். திருகோணமலையில் குருத்தோலைத் தோரணம் எங்கெல்லாம் தொங்குகிறது? கோயில் திருவிழாவில், கலியாண வீட்டில், செத்தவீட்டில். அந்த வெளிர்மஞ்சள் ஓலையைக் கண்டால் உள்ளே நடப்பது நல்லதா கெட்டதா என்று ஒரு கணம் நின்று பார்த்துத்தான் நமக்குத் தெரியும். ஞாயிறு ஓசன்னா, வெள்ளி சிலுவை என்று போகிற ஒரு வாரத்தைத் தொடங்கி வைக்க இதைவிடப் பொருத்தமான ஓலை எது? மச்சாளிடம் இதைச் சொல்லுங்கள், கோபிக்க மாட்டார்.

நோவாவின் புறா கொண்டுவந்தது கிளையே இல்லை. ஆதியாகமம் 8:11-ல் ஒலிவமரத்தின் இலை என்றுதான் இருக்கிறது. எபிரெயத்திலும் அப்படியே, புதிதாகக் கொத்திய இலை. ஐக்கிய நாடுகள் சபையின் கொடியிலும் வேறு எத்தனையோ சின்னங்களிலும் ஒலிவக் கிளையைப் பார்த்துப் பார்த்து நாம் புறாவின் வாயிலும் கிளையை வைத்துவிட்டோம். வெள்ளம் வடிந்து எங்கேயோ ஒரு மரம் பச்சையாக நிற்கிறது என்று நோவாவுக்குத் தெரிய ஒரு இலை காணும். பிள்ளைகள் படம் கீறும்போது ஒரு இலையை மட்டும் கீறச் சொல்லுங்கள்.

உங்கள் ஆலய வளவில் வெட்டின வேம்போ பூவரசோ இருந்தால், கேள்வி கேட்ட அந்தப் பிள்ளையை அங்கே கூட்டிக்கொண்டு போங்கள். வெட்டின முகத்தைக் காட்ட வேண்டாம். குந்தச் சொல்லி, அடியில் இருக்கும் சருகை அந்தப் பிள்ளையின் கையாலேயே விலக்க விடுங்கள்.

அன்புடன்.