ஆராய்ச்சி மையத்துக்காரர்கள் கம்பெனிக்குள் எதைப் பார்க்கிறார்கள்?

மணலியில் உங்கள் கம்பெனிக்குச் சமூக அறிவியல் ஆராய்ச்சி மையத்து ஆட்கள் வந்து ஷிப்ட் முழுக்க நின்று பார்க்கிறார்கள், எதற்கு என்று கேட்டிருக்கிறீர்கள்.

அவர்கள் பார்ப்பது மெஷினை அல்ல, வேலை கைமாறும் இடத்தை. நைட் ஷிப்ட் ஆள் லாக் புக்கில் எழுதாமல் வாயால் மட்டும் சொல்லிவிட்டுப் போவது என்ன? வேலை தொடங்க அனுமதி தரும் ஒரு பெர்மிட் சீட்டு யாருடைய கையெழுத்துக்காகக் காத்துக் கிடக்கிறது? அதிகாரம் உண்மையில் யாரிடம் என்பது அங்கேதான் தெரியும்.

1953-ல் லண்டனில் வேலையிட உறவுகளை ஆராயும் டாவிஸ்டாக் நிறுவனத்தின் ஏ.கே. ரைஸ் அகமதாபாத்தின் காலிகோ துணி மில்லில் இப்படித்தான் பார்த்தார். தறிகள் புதிது, உற்பத்தி ஏறவில்லை. தறி வேலை ஆளுக்கொரு துண்டாகப் பிரிந்து கிடந்ததே காரணம். சிறு குழுக்களிடம் தறிகளை ஒப்படைத்ததும் உற்பத்தி கூடியது, சேதம் குறைந்தது.

பேட்டியில் பர்மனென்ட், கான்ட்ராக்ட், சூப்பர்வைசர் எல்லோரையும் தனித்தனியாக உட்காரவைக்க வேண்டும். சூப்பர்வைசர் பக்கத்தில் இருந்தால் கான்ட்ராக்ட் ஆள் விதியைத்தான் ஒப்பிப்பார். "வழக்கமா எப்படிச் செய்வீங்க?" என்பதைவிட "நேத்து பம்ப் நின்னப்ப முதல்ல யாருக்கு போன் பண்ணீங்க?" என்று கேட்டால்தான் நடப்பது வெளிவரும்.

பெரும்பாலும் காரியம் கெடுவது உள்ளே வரும் விதத்தில். நிர்வாகம் மட்டும் கூட்டிவந்தால், ஆள்குறைப்புக்கு வேவு பார்க்கிறார்கள் என்றே தொழிலாளர்கள் நினைப்பார்கள். 1918-லேயே பெரம்பூரில் தொழிற்சங்கம் கண்ட வட சென்னை இது. சங்கத்திடமும் முதல் நாளே பேசிவிட வேண்டும்.