முதல் முறையாக ஸ்காட்லாந்தின் கிராமப்புறத்துக்கு விடுமுறை போகிறோம். எப்படித் தயாராவது?

லண்டனிலிருந்து ஜூலையில் ஒரு வாரம், கணவன் மனைவி, பள்ளிக்கூடம் போகும் இரண்டு பிள்ளைகள், கூட ஊரிலிருந்து வந்திருக்கும் அம்மா என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மா சைவம், முழங்கால் வலியும் உண்டு. எடின்பரோ, லாக் நெஸ், ஸ்கை தீவு, கிளென்கோ, ஓபன் ஐந்தையும் ஒரே வாரத்தில் பார்க்க முடியுமா, என்னென்ன எடுத்துப் போக வேண்டும் என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்கள் கிளாஸ்கோவில் குடியிருக்கிறோம். லீவு விட்டால் வடக்கே கிளம்பிவிடும் குடும்பம், அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதல் வேலையாக அந்தப் பட்டியலை வெட்டுங்கள். ஒரே ஊரில் ஒரு வீடு எடுத்து ஏழு நாளும் அங்கேயே இருங்கள். ஸ்காட்லாந்தின் வடக்கு மலைப்பகுதியான ஹைலேண்ட்ஸில் மைல் கணக்கை நம்பித் திட்டம் போடக் கூடாது. கிளாஸ்கோவிலிருந்து ஸ்கை தீவின் போர்ட்ரீ ஏறக்குறைய 215 மைல். லண்டனிலிருந்து மான்செஸ்டர் போகிற தூரத்துக்குப் பக்கம்தான். ஆனால் எங்கும் நிற்காமல் ஓட்டினாலே ஐந்து மணி நேரத்துக்கு மேல் ஆகும். அந்தப் பக்கம் மோட்டார்வே கிடையாது. ஏ82 சாலை, டார்பெட் தாண்டியதும் ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் லாக் லோமண்ட் ஏரி என்று குறுகிப் போகிறது. எதிரே ஒரு சுற்றுலா பஸ் வந்தால் இரண்டு வண்டியும் ஊர்ந்துதான் தாண்ட வேண்டும். முன்னால் ஒரு கேரவன் மாட்டினால் மணிக்கணக்கில் அதன் பின்னாலேயே போவீர்கள். இடையில் பிள்ளைகளுக்கும் அம்மாவுக்கும் நிறுத்தினால் அன்றைய பொழுது காரிலேயே போய்விடும். இரண்டு நாளுக்கு ஓர் ஊர் என்று மாறினால் பெட்டி கட்டுவதும் அவிழ்ப்பதும்தான் மிச்சம். மழை ஒரு நாளைத் தின்றுவிட்டால் அந்த ஊரைப் பார்க்காமலேயே கிளம்ப வேண்டியிருக்கும். ஒரே இடத்தில் இருந்தால் இன்று மழையா, நாளைக்குப் போய்க்கொள்ளலாம். அந்த நாட்டை அப்படித்தான் பார்க்க முடியும் என்பது என் உறுதியான எண்ணம்.

எந்த ஊர்? உங்கள் குடும்பத்துக்கு நான் இரண்டு இடம் சொல்வேன்.

ஒன்று, கெய்ர்ன்கோர்ம்ஸ் தேசியப் பூங்காவில் இருக்கும் ஏவிமோர். லண்டன் கிங்ஸ் கிராஸிலிருந்து இன்வர்னெஸ் போகும் பகல் நேர ரயில் அங்கே நிற்கும், ஏழெட்டு மணி நேரப் பயணம். கார் இல்லாமலேயே பாதி ஊரைப் பார்த்துவிடலாம். பக்கத்தில் லாக் அன் எய்லன் என்று ஓர் ஏரி இருக்கிறது. நடுவில் குட்டித் தீவு, அதில் இடிந்த பழைய கோட்டை. ஏரியைச் சுற்றிப் பழைய பைன் காட்டுக்குள் ஐந்து கிலோமீட்டர் பாதை, பெரும்பாலும் சமதளம். அம்மா முழுச் சுற்றும் நடக்க வேண்டாம், கோட்டை தெரிகிற இடம் வரை போனாலே போதும். சத்தம் போடாமல் உட்கார்ந்தால் பிள்ளைகளுக்குச் செந்நிற அணிலும் தென்படலாம். லாக் மோர்லிக் ஏரியில் கடற்கரை போலவே மணல் உண்டு, பின்னால் மலை. அதற்குச் சற்று மேலே கிளென்மோரில் பனிமான் கூட்டம் ஒன்று இருக்கிறது. ஸ்வீடனிலிருந்து வந்த மிக்கெல் உட்ஸி என்ற, சாமி எனப்படும் வட ஐரோப்பியப் பழங்குடி இனத்தவர் 1952இல் கொண்டுவந்து விட்ட மான்களின் வழி வந்தவை அவை.

இன்னொன்று மேற்குக் கரையில் அரிசைக், மோரார் பக்கம். காமஸ்டாராக் கடற்கரையின் மணல் வெள்ளை வெளேர் என்று இருக்கும், நேர் எதிரே எய்க், ரம் தீவுகள். கிளென்ஃபினன் ரயில் பாலம் அரைமணி நேரத்துக்குள். பக்கத்துத் துறைமுகமான மல்லெய்கிலிருந்து படகு ஏறினால் அரைமணி, முக்கால் மணியில் ஸ்கை தீவின் தென்முனையில் இறங்கலாம். அழகு என்று பார்த்தால் எனக்கு இதுதான் முதல். ஆனால் மேற்குக் கரையோர மலைகளில் பல இடங்களில் வருஷத்துக்கு 2,000 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டும். ஏவிமோரில் அதில் பாதிகூட வராது. அம்மாவை நினைத்தால் இந்த முறை ஏவிமோர் என்றே சொல்வேன்.

வீட்டை இன்றைக்கே தேடத் தொடங்குங்கள். ஸ்காட்லாந்துப் பள்ளிகளுக்கு ஜூன் கடைசியிலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை விடுமுறை, நல்ல வீடெல்லாம் மாதக்கணக்கில் முன்பே போய்விடும். பல வீடுகளை சனிக்கிழமை முதல் சனிக்கிழமை வரை என்றுதான் விடுவார்கள். படுக்கையறையோ குளியலறையோ கீழ்த்தளத்தில் உண்டா என்று அம்மாவுக்காகக் கேட்டுக்கொள்ளுங்கள். லண்டன் யூஸ்டனிலிருந்து கிளம்பும் கலிடோனியன் ஸ்லீப்பர் இரவு ரயிலும் ஏவிமோர் வழியாகப் போகும். சனிக்கிழமை இரவு மட்டும் கிடையாது. கேபினுக்கு இரண்டு பேர் என்பதால் ஐந்து பேருக்குச் செலவு கூடும், ஆனால் பிள்ளைகள் அந்த ஓர் இரவை மறக்க மாட்டார்கள்.

கார் எடுப்பதானால் ஆட்டோமேட்டிக் வண்டிக்கு முன்பே சொல்லிவையுங்கள், சின்ன ஊர்களில் குறைவாகவே இருக்கும். 12 வயது அல்லது 135 சென்டிமீட்டர் உயரம், இதில் எது முதலில் வருகிறதோ அதுவரை பிள்ளைகளுக்கென்று உள்ள கார் இருக்கை சட்டப்படி கட்டாயம். கிராமச் சாலைகள் பலவற்றில் ஒரு வண்டி போகத்தான் இடம். அங்கங்கே சாலையை அகலப்படுத்தி ‘பாசிங் பிளேஸ்’ என்று வெள்ளைப் பலகை நட்டிருப்பார்கள். அது உங்கள் இடப்பக்கம் இருந்தால் உள்ளே ஒதுங்குங்கள். வலப்பக்கம் இருந்தால் அதற்கு நேரே உங்கள் பக்கத்திலேயே நில்லுங்கள், எதிரே வருகிறவர் அதில் புகுந்து போவார். வலப்பக்கம் தாவிப் போய் ஒதுங்கக் கூடாது. பின்னால் யாராவது வேகமாக வந்தால் அவருக்கும் அதே இடத்தில் வழி விடுங்கள். அவர் தபால்காரராக இருக்கலாம், மருத்துவராக இருக்கலாம். போட்டோ எடுக்க அங்கே வண்டியை நிறுத்திவிட்டுப் போவதை ஊர்க்காரர்கள் வெறுக்கிறார்கள், அது நியாயமான கோபம். வழி விட்டவருக்கு ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு கையைத் தூக்கிக் காட்டுவது அங்கத்திய மரியாதை. பெட்ரோல் பாதிக்குக் கீழே போகும் முன்பே நிரப்பிவிடுங்கள்.

உடைக்கு வருவோம். ஜூலையிலும் பகலில் 15 முதல் 18 டிகிரிதான் வழக்கம், இரவில் பத்துக்குக் கீழேயும் போகும். ஒரு தடித்த கோட்டு வேண்டாம். உள்ளே மெல்லிய பனியன், மேலே ஃபிளீஸ், அதற்கு மேலே நிஜமாகவே நீர் புகாத ஜாக்கெட் என்று அடுக்கிக்கொள்ளுங்கள். மழை வருவதும் வெயில் அடிப்பதும் ஒரு மணி நேரத்துக்குள் மாறும், கழற்றிப் போட வசதி. நீர் புகாத மேல்கால்சட்டை ஐந்து பேருக்கும் வாங்குங்கள். இதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். ஜீன்ஸ் நனைந்தால் அன்றைக்குக் காயாது. குடை காற்றில் நிற்காது. அம்மாவுக்குப் புடவைதான் வசதி என்றால் உள்ளே தெர்மல் லெக்கிங்ஸ், காலுக்குப் பிடிமானமான ஷூ, கையில் நடைக்கம்பு. கம்பளித் தொப்பி ஒன்றும் வேண்டும், காதில் அடிக்கும் காற்றைத்தான் ஊரிலிருந்து வருகிறவர்களால் தாங்க முடிவதில்லை.

அடுத்தது மிட்ஜ். இதைப் பற்றி யாரும் சொல்லாமல் வந்து அவதிப்பட்டவர்கள் நிறைய. கொசுவை விட மிகச் சின்னப் பூச்சி, தனியாக ஒன்று இருந்தால் கண்ணுக்கே தெரியாது. ஆனால் தனியாக வராது. மழை விட்டுக் காற்று நின்ற சாயங்காலம், வீட்டு வாசலில் டீக் கோப்பையோடு நிற்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் நெற்றியில் முடி பட்டது போல ஒரு குறுகுறுப்பு. தட்டிவிடுவீர்கள். அடுத்த நிமிஷம் காதுக்குள், புருவத்தில், சட்டைக் காலருக்குள். கோப்பையைப் பார்த்தால் டீயின் மேல் கரும்புள்ளிகள் மிதக்கும். நோய் எதையும் பரப்பாது, ஆனால் அரிப்பு நாள்கணக்கில் இருக்கும். மே முதல் செப்டம்பர் வரை இருக்கும், ஜூலையும் ஆகஸ்டும் உச்சம். ஈரச் சேற்று நிலத்தில் பெருகுவதால் மேற்கில் அதிகம், ஏவிமோர் பக்கமும் உண்டு. அதற்கு ஒரு பலவீனம் இருக்கிறது: மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் காற்று அடித்தாலே பறக்க முடியாது. அதனால் விடியற்காலையும் அந்தி நேரமும் ஏரிக்கரையைத் தவிர்த்து, காற்று வீசும் மேட்டிலோ கடற்கரையிலோ இருங்கள். அங்கே எந்தக் கடையிலும் கிடைக்கும் ‘ஸ்மிட்ஜ்’ தெளிப்பான் நன்றாக வேலை செய்கிறது. தலையில் மாட்டும் வலை ஆளுக்கு ஒன்று வாங்குங்கள், விலை அதிகமில்லை. வெளிர் நிற உடை நல்லது, கறுப்பை அது தேடி வரும். அறையில் விளக்கைப் போடும் முன் ஜன்னலைச் சாத்திவிடுங்கள்.

உண்ணி வேறு விஷயம், இதில் கவனம் கூடுதலாக வேண்டும். புல்லிலும் பெரணியிலும் நடந்துவிட்டு வந்தால் அன்றிரவே பிள்ளைகளின் முழங்கால் மடிப்பு, இடுக்கு, காதின் பின்புறம், முடியோரம் எல்லாம் பாருங்கள். உண்ணி இருந்தால் அதற்கென்று விற்கும் சின்னக் கொக்கியால் தோலை ஒட்டிப் பிடித்து எடுங்கள். எண்ணெய் விடுவதும் சுடுவதும் கூடாது. பிறகு வரும் வாரங்களில் அந்த இடத்தைச் சுற்றிச் சிவப்பாகப் படர்ந்தால் உண்ணி பரப்பும் லைம் நோயாக இருக்கலாம், டாக்டரிடம் உண்ணி கடித்ததைச் சொல்லுங்கள்.

சாப்பாட்டுக்கு, சமையலறை உள்ள வீடாகவே எடுங்கள். கிராமத்து பப்களில் எட்டு, எட்டரைக்கெல்லாம் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அரிசி, பருப்பு, புளி, ரசப்பொடி, சாம்பார் பொடி, ஊறுகாய், சின்ன ரைஸ் குக்கர் எல்லாம் லண்டனிலிருந்தே வரட்டும். பால், தயிர், காய்கறி ஏவிமோரிலேயே கிடைக்கும். வெளியே சாப்பிடும்போது அம்மாவுக்காக இரண்டு விஷயம் கேளுங்கள். எந்த கஃபேயிலும் பருப்பு சூப் இருக்கும், பார்த்தால் சைவம் போலத் தெரியும். ஆனால் பழைய முறைப்படி அதைப் பன்றிக்கால் வேகவைத்த நீரில்தான் செய்வார்கள். சில கடைகளில் சிப்ஸை மாட்டுக் கொழுப்பில் பொரிக்கிறார்கள். ‘சைவமா’ என்று கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்வார்கள். பருப்பு, பயறு, ஓட்ஸ், மிளகு போட்டுச் செய்யும் சைவ ஹேகிஸ் (ஆட்டின் உள்ளுறுப்புகளில் செய்யும் ஸ்காட்லாந்து உணவின் சைவ வடிவம்) கிடைத்தால் அம்மாவுக்கு வாங்கிக் கொடுங்கள். காரசாரமாக, நம் நாக்குக்கு ஏற்றதாக இருக்கும்.

தாளிக்கும்போது ஒன்று. 2022 பிப்ரவரியிலிருந்து ஸ்காட்லாந்தில் எல்லா வீட்டிலும் தீ எச்சரிக்கைக் கருவிகள் ஒன்றோடொன்று இணைந்திருக்க வேண்டும் என்பது சட்டம். கூடத்தில் ஒன்று மிளகாய் நெடிக்கு அலறினால் வீடு முழுக்க அலறும். எக்ஸாஸ்ட் ஃபேனைப் போட்டு, சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு தாளியுங்கள். ஒதுங்கிய வீடுகளில் கழிவு, தோட்டத்தில் புதைத்த தொட்டிக்குத்தான் போகும். எண்ணெயைப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றாதீர்கள், ஈரத் துடைப்புத் தாளைக் கழிப்பறையில் போடாதீர்கள். ஊற்றுநீர் வரும் வீடுகளில் குழாயில் நீர் வெளிர்ப் பழுப்பாக வரலாம். கரி மண்ணின் நிறம் அது, பெரும்பாலும் வடிகட்டிச் சுத்திகரித்துத்தான் விடுகிறார்கள். குடிக்கலாமா என்று வீட்டுக்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டால் அம்மாவுக்கும் நிம்மதி.

நடப்பதைப் பற்றி: 2003ஆம் ஆண்டின் நிலச் சீர்திருத்தச் சட்டப்படி, பொறுப்போடு நடந்துகொண்டால் ஸ்காட்லாந்தில் பெரும்பாலான தனியார் நிலத்திலும் யாரும் நடக்கலாம். இங்கிலாந்தில் இவ்வளவு சுதந்திரம் கிடையாது. வீட்டுத் தோட்டத்துக்குள்ளும் பயிருக்கு நடுவிலும் போகக் கூடாது. கதவு எப்படி இருந்ததோ அப்படியே விட்டுப் போங்கள். கன்றோடு நிற்கும் மாட்டுக்குப் பக்கத்தில் போட்டோவுக்காகப் போக வேண்டாம், ஹைலேண்ட்ஸின் அந்த நீண்ட முடி மாடு சாதுதான் என்றாலும். மலை ஏறுவதானால் அன்று காலை மவுண்டன் வெதர் இன்ஃபர்மேஷன் சர்வீஸின் முன்னறிவிப்பைப் பாருங்கள். அடிவாரத்தில் வெயில், உச்சியில் கடுங்காற்று என்பது அங்கே சாதாரணம். பல பள்ளத்தாக்குகளில் சிக்னல் கிடைக்காது, வரைபடத்தை முன்பே போனில் இறக்கிக்கொள்ளுங்கள். ஆபத்து என்றால் 999 அழைத்து, போலீஸைக் கேட்டு, மலை மீட்புக் குழு வேண்டும் என்று சொல்ல வேண்டும். வருகிறவர்கள் பெரும்பாலும் சம்பளம் வாங்காத ஊர்க்காரர்கள்.

அம்மாவின் மாத்திரைகள் ஒரு வாரத்துக்கு மேல் கூடுதலாகவே இருக்கட்டும். ஜூலை நடுவில் சூரியன் மறைய இரவு பத்து ஆகும், ஐந்துக்கு முன் விடிந்துவிடும். பிள்ளைகள் தூங்கக் கண் மறைப்புத் துணி வாங்கிக்கொள்ளுங்கள்.

பட்டியலில் பிள்ளைகள் ஏரி அரக்கன் கதைக்காகவே லாக் நெஸ்ஸை மட்டும் விடமாட்டார்கள் என்று தெரியும். அதை விட வேண்டியதில்லை. ஏவிமோரிலிருந்து இன்வர்னெஸ் ரயிலில் முக்கால் மணி நேரம், அங்கிருந்து படகுப் பயணம் கிடைக்கும். ஏரிக்கரையில் உள்ள அர்க்கார்ட் கோட்டை வரை போகும் படகாகப் பாருங்கள். ஏரி 37 கிலோமீட்டர் நீளம், ஆழம் 230 மீட்டர். இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள எல்லா ஏரிகளின் நீரைச் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. படகின் மேல்தளத்தில் காற்று பலமாக இருக்கும், அம்மாவுக்குக் கீழே ஜன்னலோரம் இடம் பிடித்துக் கொடுத்துவிட்டு நீங்கள் பிள்ளைகளோடு மேலே போங்கள்.