கேஸ் கட்டை அடகுப் பொருளாக்க வக்கீலுக்கு உரிமை கிடையாது

கேள்வி: அப்பா விட்டுப்போன நிலத்தில் பங்கு கேட்டு அண்ணன்மீது பாகப்பிரிவினை வழக்குப் போட்டேன். வருடக்கணக்கில் இழுக்கிறது. ஒவ்வொரு வாய்தாவுக்கும் வக்கீலின் குமாஸ்தாவிடம் பணம் கொடுக்கிறேன், ரசீது தந்ததில்லை. வேறு வக்கீலிடம் போகிறேன் என்றதும், "பாக்கி 40,000 ரூபாயை வைத்துவிட்டுக் கட்டை எடுத்துக்கொள். முடியாதென்றால், ஜெயித்ததும் 5 சென்ட் எழுதிக் கொடு" என்கிறார். மூலப் பத்திரமும் அவரிடம்தான். நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போகலாமா?
(வாசகி ஒருவர், திண்டுக்கல் மாவட்டம்)

பதில்: பணம் வந்தால்தான் கட்டைத் தருவேன் என்பது மிரட்டல், அம்மா. சட்டத்தில் அதற்கு இடமே இல்லை. மத்தியப் பிரதேச மாநிலக் கூட்டுறவு வங்கியின் வழக்கறிஞர் ஒருவர், 97,100 ரூபாய் ஃபீஸ் பாக்கி என்று சொல்லி வங்கியின் வழக்குக் கட்டுகளைத் திருப்பித் தர மறுத்தார். ஆர்.டி. சக்சேனா வழக்கு என்று அது பெயர் பெற்றது. கட்டைப் பிடித்து வைத்துக்கொள்ளும் உரிமை வக்கீலுக்குக் கிடையாது, கட்சிக்காரர் கேட்டும் தராமல் இருப்பது தொழில் ஒழுங்கீனம் என்று உச்ச நீதிமன்றம் 2000-இல் தீர்ப்புச் சொன்னது. ஃபீஸ் வரவேண்டியிருந்தால் அவர் தனியாக வழக்குப் போட்டு வசூலித்துக்கொள்ளட்டும். நியாயமான பாக்கி இருந்தால் நீங்களும் கொடுத்துத்தான் ஆகவேண்டும். ஆனால் கட்டு அதற்கு ஈடு அல்ல.

அந்த 5 சென்ட் பேச்சு இதைவிட மோசம். வழக்கின் முடிவைப் பொறுத்து ஃபீஸ் பேசுவதையும், கிடைப்பதில் பங்கு கேட்பதையும், வக்கீல்களை ஒழுங்குபடுத்தும் அமைப்பான இந்திய பார் கவுன்சிலின் விதிகள் நேரடியாகவே தடுக்கின்றன. இதற்காக எந்தத் தாளிலும், குறிப்பாக வெற்றுத்தாளில், கையெழுத்துப் போடாதீர்கள்.

நுகர்வோர் நீதிமன்றத்தின் கதவு இப்போது மூடிவிட்டது. வக்கீல் சேவை நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் வராது என்று 2024 மே மாதம் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. உங்களைப் போன்றவர்களுக்குக் கையெட்டும் தூரத்தில் இருந்த ஒரு வழி அதனால் போய்விட்டது. வக்கீல்மேல் உள்ள புகாரை இனி வக்கீல்களின் அமைப்பிடமே கொண்டுபோக வேண்டும். கவனக்குறைவால் நஷ்டம் வந்தால் சிவில் வழக்குத் தொடரலாம்தான். ஆனால் ஏற்கெனவே ஒரு சிவில் வழக்கில் நொந்துபோனவரிடம் அதைச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆகவே முதலில் ஒரு கடிதம் எழுதுங்கள். வழக்கு எண், நீதிமன்றத்தின் பெயர், அவரிடம் உள்ள ஆவணங்கள் ஒவ்வொன்றும், இதுவரை கொடுத்த பணம் எல்லாவற்றையும் அதில் குறிப்பிடுங்கள். வக்காலத்தை மாற்றச் சம்மதம், கட்டு, மூலப் பத்திரம், பண வரவுக் கணக்கு ஆகியவற்றை 15 நாளில் தரும்படி கேளுங்கள். கணக்குக் கேட்பதும் உங்கள் உரிமை. ஸ்பீடு போஸ்டில் அனுப்பி, நகலையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். குமாஸ்தாவிடம் வாய்வார்த்தையாகச் சொன்னதற்கு நாளைக்குச் சாட்சி இருக்காது.

பதில் இல்லையென்றால், சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் தமிழ்நாடு, புதுச்சேரி பார் கவுன்சிலுக்கு, 1961-ஆம் ஆண்டு வழக்கறிஞர்கள் சட்டத்தின் 35-ஆம் பிரிவின்கீழ் புகார் கொடுங்கள். கண்டிப்பதிலிருந்து பெயரையே பட்டியலிலிருந்து நீக்குவது வரை அதற்கு அதிகாரம் உண்டு. புகாரை ஒரு வருடத்துக்குள் முடிக்காவிட்டால் அது டெல்லியில் உள்ள இந்திய பார் கவுன்சிலுக்குப் போய்விடும் என்பதும் அந்தச் சட்டத்திலேயே இருக்கிறது. தாமதம் செய்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

அதற்காக வழக்கு காத்திருக்க வேண்டியதில்லை. பழைய வக்கீல் சம்மதம் தராவிட்டால், நீதிமன்றத்தில் மனுப் போட்டு அனுமதி வாங்கிப் புது வக்கீலை வைத்துக்கொள்ளலாம். வழக்கில் தாக்கலான ஆவணங்களுக்கு நகல் மனுப் போட்டால் சான்றிட்ட நகல் கிடைக்கும். புது வக்கீலுக்குக் கொடுக்கப் பணமில்லையா? 1987-ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு இலவச வக்கீல் உண்டு. வருமான வரம்பு பார்ப்பதில்லை. மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழு அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். போகும்போது அடுத்த வாய்தா தேதியையும் தெரிந்துகொண்டு போங்கள்; இ-கோர்ட்ஸ் இணையதளத்தில் வழக்கு எண்ணைப் போட்டால் நீங்களே பார்க்கலாம், குமாஸ்தாவுக்கு போன் போட்டுக் காத்திருக்க வேண்டாம்.