பிரீகாஸ்ட் பாலத் தூண்: நிலநடுக்கப் பகுதியில் எந்த இணைப்பு?

கேள்வி: வண்டிகள் ஓயாமல் ஓடும் சாலைக்கு மேல் பாலம் கட்டுகிறோம். நாள் மிச்சமாகும் என்று தூண்களை பிரீகாஸ்டாக, அதாவது வேறிடத்தில் முன்பே வார்த்துக் கொண்டுவந்து நிறுத்துவதாக, யோசிக்கிறோம். நிலநடுக்கப் பகுதி என்பதால் பயமாக இருக்கிறது. ஃபுட்டிங்கோடு (தூணைத் தாங்கும் அடித்தளம்) தூணைச் சேர்க்க ஸ்லீவ் கப்ளர் போடலாமா?

பதில்: பிரீகாஸ்ட் தூண் தாராளமாகப் போடலாம். உங்கள் பயமும் நியாயமானதுதான். நிலம் ஆடும்போது கம்பிகள் இளகி நீண்டு ஆற்றலை உள்வாங்குவது தூணின் அடியிலும் உச்சியிலும். பிரீகாஸ்டில் இணைப்பு விழுவதும் சரியாக அதே இடத்தில்.

ஸ்லீவ் கப்ளர் என்பது இரண்டு கம்பிகளின் முனைகளை உள்ளே வாங்கி இணைக்கும் கனமான இரும்புக் குழாய். அதைத் தூணின் அடியில் வைத்தால் அந்த நீளம் முழுக்க விறைத்துப்போகும். கம்பி நீள வேண்டியதெல்லாம் குழாயின் வாய்க்கு வெளியே, சின்ன இடத்தில் குவிந்து, அங்கே அறுந்துவிடும். கப்ளர்தான் வேண்டுமென்றால் அதை ஃபுட்டிங்குக்குள் இறக்குங்கள். இல்லை, தூணிலேயே வைப்பதானால், ஃபுட்டிங் கம்பியைக் கப்ளருக்குக் கீழே கொஞ்ச தூரம் கான்கிரீட்டில் ஒட்டாதபடி உறையிட்டு விடுங்கள்.

நான் உங்களுக்குச் சொல்வது சாக்கெட் முறை. தூணைக் குழியில் முதலில் நிறுத்தி, தூக்குக்குண்டு பார்த்து முட்டுக் கொடுத்துவிட்டு, சுற்றிலும் ஃபுட்டிங் கம்பி கட்டிக் கான்கிரீட் ஊற்றுவார்கள். தூணின் அடியிலிருந்து ஒரு கம்பிகூட வெளியே நீட்டாது, அதனால் துளையும் கம்பியும் பொருந்தவில்லையே என்ற தலைவலி இல்லை. புதையும் பகுதியின் மேற்பரப்பு மட்டும் சொரசொரப்பாக இருக்க வேண்டும். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஐ-5 நெடுஞ்சாலைக்கு மேலுள்ள ஒரு பாலத்தில் இப்படித்தான் செய்தார்கள்.

உச்சியில், சிறு கம்பிகள் பலவற்றுக்குப் பதிலாகப் பெரிய கம்பிகள் சில போதும். பியர் கேப்பில் (தூண்களின் தலையில் உட்காரும் குறுக்கு உத்தரம்) அந்தக் கம்பிகள் நுழைய அகலமான நெளிவு டக்ட் (குழாய்) வைத்தால் கேப்பை இறக்குவது சுலபம். தூணை விட ஃபுட்டிங்கும் கேப்பும் வலுவாக இருக்கட்டும். சேதம் தூணின் முனையோடு நிற்க வேண்டும்.

இன்னொன்று. 1995 கோபே நிலநடுக்கத்தில் விழாமல் நின்ற தூண்களிலும் பல, சாய்ந்தே நின்றுவிட்டதால் இடிக்கப்பட்டன. பட்ஜெட் இடம் கொடுத்தால் தூணின் நடுவே கான்கிரீட்டில் ஒட்டாத, முன்பே இழுத்து இறுக்கிய கம்பி போடுங்கள். ஆட்டம் ஓய்ந்ததும் தூணை அது நேராக இழுத்துவிடும்.

அப்புறம் கிரவுட், அதாவது டக்டில் கம்பியைச் சுற்றி நிரப்பும் சிமென்ட் கலவை. டக்டின் கீழ்த்துளையில் பம்ப் செய்து, மேல்துளையில் குமிழி இல்லாமல் கெட்டியாக வழியும்வரை அடைப்பானைக் கையிலேயே வைத்திருக்கச் சொல்லுங்கள். அந்தக் கலவையிலேயே சோதனைக்கு கியூப் (கனசதுரக் கட்டி) எடுத்து, வலிமை வந்த பிறகே கர்டரை (பாலத்தின் நீள உத்தரம்) ஏற்றுங்கள்.